கூட்டிக் கழுவிய ஸ்ரூடியோ

ஜனவரி 12, 1987. திங்கள்

விடிய விடியப் பனி. பிஞ்ச் வீதி பஸ் இருபது நிமிடம் தாமதம். அதுவும் நல்லதுக்குத்தான். எதிர் சீற்றில் தூங்கிய கம்பளித் தொப்பிக்காரரை இரண்டு தரம் வரைய முடிந்தது.

ஸ்ரூடியோவுக்கு வந்தால் கதவில் அறிவித்தல். முதுகலை ஓவிய மாணவர் ஏழு பேர். ஜன்னல் வைத்த அறைகள் ஆறு. நிலக்கீழ்ப் பொது அறையில் இருப்பவர் தனக்கும் ஓர் அறை கேட்டிருக்கிறார். அடுத்த கிழமை செவ்வாய் மூன்று பேர் கொண்ட குழு ஒவ்வோர் அறையாகப் பார்க்குமாம். யார் அறையைக் குறைவாகப் பயன்படுத்துகிறாரோ அவர் கீழே போகவேண்டும். அங்கே ஆளுக்கொரு மேசை, ஓர் அலுமாரி. அவ்வளவுதான்.

என் நான்காம் அறையில் உள்ளவை:
வடக்கு ஜன்னல்.
தொட்டி. சுடுதண்ணீரும் வரும்.
பதினொரு அடி உயரச் சுவர்கள். எங்கே ஆணி அடித்தாலும் கேட்பாரில்லை.
ஏணி (ஒரு கால் ஆட்டம்).
பூட்டு. திறப்பு என்னிடம்.

அஜின்கோர்ட் வீட்டில் என் மேசை என்பது சாப்பாட்டு மேசை. பிள்ளைகள் இரண்டு பேரின் கொப்பிகளையும் தள்ளினால் ஒரு சாண் கிடைக்கும். எட்டடிக் கடதாசியை அங்கே எப்படி விரிப்பது? அறை போனால் பஸ்ஸில் தூங்குகிறவர்களைக் கரியால் ஆளுயரத்துக்கு மேலாக வரைகிற என் படங்களும் போயிற்று. முப்பத்தாறு வயதில் எனக்கென்று கிடைத்த முதல் கதவு இது. விடமாட்டேன்.

ஜனவரி 17. சனி

இடுப்பு முறிந்துவிட்டது. ஆனாலும் சந்தோசம்.

இவர் மார்க்கம் நகரில் உள்ள தன் வேலைத்தலத்திலிருந்து வாளி, பிரஷ் எல்லாம் இரவல் வாங்கி வந்தார். பக்கத்து வீட்டு மலர் அன்ரி தானாகவே காரில் ஏறிவிட்டா. அறையைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போயிற்று.

"பெரிய ஆக்கள் வாற இடம் பிள்ளை. உப்பிடிக் கரி பிடிச்சுக் கிடந்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

நியாயம்தானே. படங்கள் எட்டையும் இவர்கள் வருமுன்பே சுருட்டிக் களஞ்சிய அறையில் வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் மூன்று பேருமாய். நிலம் தேய்த்தது அன்ரி. சுவருக்கு இவர் வெள்ளை அடித்தார், இரண்டு பூச்சு. நான் தொட்டி, ஜன்னல். கரித்துண்டுகள் பெட்டிக்குள். மேசைக்குப் பூப்போட்ட விரிப்பு. வாசலில் கால்மிதி.

கதவைச் சாத்தும் முன் இவர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "வீட்டைவிட வடிவாய் இருக்கு." உண்மை.

ஜனவரி 20. செவ்வாய்

வந்தார்கள். பேராசிரியை ஹெலன், குழுவுக்குத் தலைவி. கூட இரண்டு ஆண்கள். கால்மிதியைக் கண்டு மூன்று பேரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். ஒருவருடைய காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. பாவம். வீட்டில் பொரித்த ரோல்ஸ் கொடுத்தேன், ஆளுக்கு இரண்டு சாப்பிட்டார்கள். அறை மிகத் துப்புரவு என்று ஹெலன் சொன்னா. படங்கள் எங்கே என்று கேட்டார்கள். களஞ்சியத்தில், எடுத்து வரட்டுமா என்றேன். வேண்டாம், இன்னும் அறைகள் இருக்கின்றன என்று போய்விட்டார்கள். பத்து நிமிடம்கூட இல்லை.

ஒரு குறை சொல்ல இடம் வைக்கவில்லை. அன்ரிக்கு ஃபோன் எடுத்து ஒன்றும் விடாமல் சொன்னேன்.

ஜனவரி 21. புதன்

கடிதம். நான்காம் அறை போதிய அளவு பயன்படுத்தப்படுவதாகத் தெரியவில்லையாம். மாத முடிவில் காலி செய்யவேண்டும்.

மூன்று தரம் வாசித்தேன். ஐந்தாம் அறை பிரையனிடம் காட்டினேன். அவன் தன் கதவைத் திறந்துவிட்டான். கால் வைக்க இடமில்லை. பெயின்ற் தகரம், கிழிந்த கன்வஸ், பாதி கடித்த பாண். இதற்குள் அவர்கள் ஒரு மணித்தியாலம் நின்றார்களாம். அவர்கள் பார்க்க வந்தது இதைத்தானே என்றான்.

தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்து அழுதேன். நான்கு மாதம் அந்தச் சுவரில் கைபட்டு, தோள்பட்டு, கடதாசிக்கு வெளியே ஓடிய கரிக்கோடுகள். எல்லாவற்றையும் மூடி வெள்ளை அடித்தாயிற்று. அதுவும் இரண்டு பூச்சு.

வீட்டில் சொன்னதும் இவர் நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயின்றைச் சுரண்டத் தொடங்கினார். வெள்ளை அடித்தவர் அல்லவா.

ஜனவரி 22. வியாழன்

வெளியே மைனஸ் பதினெட்டு. எனக்குள்ளே நெருப்பு.

ஹெலனின் அறைக்கு நேரே போனேன். கெஞ்சக்கூடாது என்று படியிலேயே முடிவு. என் இங்கிலிஷில் சொன்னேன்: எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் செய்கிற வேலையை ஒளித்துவிட்டு வீட்டைக் காட்டுவோம். அதுதான் மரியாதை. உங்களுக்கும் அந்த மரியாதையைத்தான் தந்தேன். நீங்கள் பார்த்தது வேலை நடக்காத அறை அல்ல, உங்களுக்காகக் கழுவிய அறை. திரும்ப வாருங்கள். இந்தமுறை மரியாதை கிடையாது.

ஹெலன் சிரிக்கவில்லை. டயறியைப் புரட்டி, திங்கள் இரண்டு மணி என்று எழுதினா.

வெளியே வந்த பிறகுதான் கதவைத் தட்டாமல் உள்ளே போனது நினைவு வந்தது. ஆனால் சொன்னேனே.

ஜனவரி 26. திங்கள்

கூட்டவில்லை. துடைக்கவில்லை. ரோல்ஸ் இல்லை. படங்கள் எட்டும் சுவர்களில். சனி ஞாயிறு வேலை செய்த கரித்தூள் அப்படியே நிலத்தில். கைகளை இடுப்புக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், தும்புத்தடியை எடுத்துவிடாமல் இருக்க.

சப்பாத்தோடு வந்தார்கள். நேரே படங்களிடம் போனார்கள். ஹெலன் படங்களின் கீழ்ப்பகுதியைப் பார்க்க முழந்தாளில் இருந்தா. எழும்பியபோது காற்சட்டை முழுக்கக் கரி, அவ கவனிக்கவேயில்லை. நாற்பத்தைந்து நிமிடம். வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்கள்: படிப்பு முடியும்வரை அறை எனக்குத்தான்.

எனக்குத்தான்.

ஐந்து மணிக்கு இவர் கூட்டிப்போக வந்தார். படங்களை விரித்தபடி இவர் பார்ப்பது இன்றுதான் முதல்தரம். ஒவ்வொன்றாய்ப் பார்த்து வந்தவர் ஆறாவதில் நின்றுவிட்டார். நவம்பரில் கார் பழுதான கிழமை, பஸ்ஸில் என் பக்கத்துச் சீற்றில் தூங்கியவரைக் கொப்பியில் கீறி, பிறகு பெரிதாக்கியது. மடியில் சாப்பாட்டுப் பை, வாய் திறந்தபடி, எட்டடி உயரத்தில் இவர். கோபிப்பார் என்று இதுவரை காட்டியதில்லை.

கிட்டப் போய் மடியில் இருந்த பையைப் பார்த்தார். பிறகு, "அவையள் இதையும் பாத்தவையோ?"

"ஓம். இதுக்கு முன்னாலதான் கூட நேரம் நிண்டவை."

தொப்பியைக் கழற்றினார்.

"அப்ப உதைக் கழட்டாதையும். என்ர வேலைத்தலத்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டவேணும்."