மலையேறிய குக்கர்

நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்து தொடங்குகிறேன்: இப்போது எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. இதற்கு இருந்த ஒரே சாட்சி நீர். உயிரோடு இருந்தவரை எனக்கு எதிராகவே சாட்சி சொன்னீர். குறுக்கு விசாரணைக்கு நான் தயாரானபோது, கூண்டிலிருந்து இறங்கிப் போய்விட்டீர். மற்றவர்கள் இதை மரணம் என்கிறார்கள். தப்பி ஓடியது என்கிறேன் நான்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். செத்தவரோடு சண்டை போடுவது என்னைப் போன்ற பெரிய மனிதனுக்கு அழகல்ல. ஆனால் நேற்று மதியம், உம் மனைவி, என் மதினி, மொன்றியலின் மறுகோடியான டொலார்டிலிருந்து பனிச் சேற்றில் வண்டி ஓட்டிக்கொண்டு, பாலம் கடந்து, புரோசார்டில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"அண்ணாச்சி, அவுக இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாக. வேற யாரும் தொடப்புடாதாம்."

"உள்ள என்ன மதினி, மன்னிப்பா?"

"அவுகளா? மன்னிப்பா?" என்று சிரித்தார். நீர் போன பிறகு அவர் சிரித்து நேற்றுதான் பார்த்தேன். "தொறந்து பாருங்க. எங்க வீட்டுல இருந்து சண்டை ஒண்ணு கொறையட்டும்."

திறந்தேன். முதலில் வாசனைதான் வந்தது. அடுப்புக்கு ஊற்றும் வெள்ளைப் பெட்ரோல், வெந்து காய்ந்த ரப்பர் வளையம், இடுக்கில் எங்கோ ஒட்டிக்கொண்டு சாக மறுக்கும் பெருங்காயம். அதன் பின்னால் அது தெரிந்தது. பிடி ஒரு பக்கம் உருகி, மலைச் சரிவில் சறுக்கி நீர் மேலே உட்கார்ந்ததில் வயிறு பள்ளமான அந்தக் குக்கர்.

சண்டையை அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டுச் சாகிற மனுஷரை உம்மைத் தவிர நான் கண்டதில்லை. சரி, வாரும். மோதிப் பார்த்துவிடுவோம்.

நாம் இருவரும் அப்போது மொன்றியல் நகருக்குள், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். நீர் மேல் மாடி, நான் கீழ் மாடி. நீர் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தீர். நான் பாலங்களுக்குக் கணக்குப் போட்டேன். என் அலுவலகத்தில் வரைபடப் பிரிவின் தலைவர் ஒரு பிரெஞ்சுக்காரர். தினமும் காலையில் "போன்ஷூர், மகாராஜா" என்று ஆரம்பிப்பார். தன் வீட்டுச் சுவரில் தொங்கும் கடமான் கொம்பைப் பற்றி மத்தியானம் வரை பேசுவார். "உங்கள் ஊரில் என்ன வேட்டையாடுவீர்கள், கொசுவா?" என்று ஒருநாள் கேட்டார். எங்கள் வம்சமே பாளையக்காரர்களுக்குப் புலி பிடித்துக் கொடுத்த வம்சம் என்று நான் சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ராக்கி மலையின் உச்சியில், தேர்ச் சக்கரம்போல் சுருண்ட கொம்போடு திரியும் மலைச்செம்மறிக் கடா ஒன்றை நானே வீழ்த்தி, அதன் கொம்பைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு மாதா கோயில் மண்டபத்தில் கூடிய நம் ஜனங்களிடமும் அதையே அறிவித்தேன். வரவேற்பறைச் சுவரில் ஆணி அடித்தாயிற்று. மொன்றியலில் என் மானம் முழுவதும் அந்த ஆணியில் தொங்கியது.

நீர் மாடிப்படியில் நின்று அந்த ஆணியைப் பார்த்தீர்.

"நீரு ஆடு பிடிச்சதா வந்து சொன்னா எவன் நம்புவான்வே? சாட்சிக்கு நானும் வாரேன்."

"நீரா? எறும்ப மிதிச்சா விபூதி பூசிக்கிட்டுக் கன்னத்துல போட்டுக்கிற ஆளு!"

"நான் சுடவா வாரேன்? பாக்க வாரேன். நீரு குறி தப்புறத."

அங்கேயே தெரிந்திருக்க வேண்டும், நீர் நண்பராக வரவில்லை என்று.

மலையடிவாரத்தில் வழிகாட்டி ராய் காத்திருந்தார். வெளி மாகாணத்துக்காரன் வழிகாட்டி இல்லாமல் அந்த மலையில் துப்பாக்கியைத் தொட முடியாது. ராய்க்குச் சிரிப்பு என்பது பிறவியிலேயே கிடையாது. மீசையில் போன வருடப் பனி இன்னும் உருகாமல் இருந்தது. மரக்கிளையில் வில்தராசைத் தொங்கவிட்டு ஒவ்வொருவர் மூட்டையையும் நிறுத்தார். முதுகில் அலுமினியச் சட்டமுள்ள பை. அதில் கூடாரம், கித்தான், கயிறு, தூரத்துக் கொம்பின் சுருளை அளக்க ஒரு தொலைநோக்கி, அதற்கு முக்காலி, பெட்ரோல் அடுப்பு, கம்பளி உடுப்பு, ஆட்டுத் தோலுக்கு உப்பு. இவ்வளவுதான் ஒரு மனிதனுக்குத் தேவை என்றார். என் இரண்டாவது கால்சட்டையைத் தூக்கிப் போட்டார். சவர நுரையைத் தூக்கிப் போட்டார். என் பல்துலக்கியின் காம்பைப் பாதியாக உடைத்துத் தந்தார். நான் பெற்ற பிள்ளையைக் கொண்டுபோயிருந்தால் அதையும் பாதியாக்கியிருப்பார்.

உம் மூட்டை மட்டும் தராசில் சரியாக நின்றது. எனக்குப் பொறாமை. சாயந்திரம் மேகத்துக்கு ஏழு மைல் மேலே கூடாரம் போட்ட பிறகல்லவா குட்டு வெளிப்பட்டது! தூங்கும் பைக்குள்ளிருந்து இந்தக் குக்கரை உருவினீர். அதற்குள் அரிசி, அரிசிக்குள் மதினி செய்து கொடுத்த புளிக்காய்ச்சல் போத்தல். தராசை ஏமாற்றுவதற்காக உம் தடித்த கம்பளிச் சட்டைகள் இரண்டையும் வீட்டிலேயே விட்டு வந்திருந்தீர்.

"யோவ், மலைக்குக் குக்கரத் தூக்கிட்டு வார கிறுக்கன் எவனாவது உண்டா?"

"ஒசரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும்வே. கொதிக்குமே தவிர, சூடு பத்தாது. அரிசி வேகாது."

"நாலு நிமிஷம் கூட வச்சா வேகும். நான் இஞ்சினீயர்."

அன்று இரவு சோறு வைத்தது நான். குக்கரைத் தொடமாட்டேன் என்று திறந்த பாத்திரத்தில் வைத்தேன். அடுப்பில் பெட்ரோல் பாதி தீர்ந்தது. அரிசி பல்லுக்கடியில் ஆற்று மணலாக நறநறத்தது. ராய் தகர டப்பாவைத் திறந்து பீன்ஸ் தின்றார். நீர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கே உம்மை மலையிலிருந்து உருட்டிவிட்டிருக்கலாம்.

மறுநாள் விடியும் முன்பே ராயும் நானும் புறப்பட்டோம். நீர் கூடாரத்தில் தங்கிவிட்டீர். முட்டியால் ஏறி, வயிற்றால் ஊர்ந்து, பல்லால் பாறையைக் கவ்வி நான் போன தூரத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கடைசியில் கடா தெரிந்தது. ஐயா, அது ஆடா! ஒரு மாநகரப் பேருந்துக்குக் கம்பளி போர்த்தியதுபோல் நின்றது. ஒவ்வொரு கொம்பும் சுருண்டு, சுருண்டு, மறுபடி ஒருமுறை சுருண்டு, நுனியில் மேகத்தைக் குத்தி வைத்திருந்தது. ராய் தொலைநோக்கியில் கண் வைத்து நெடுநேரம் பார்த்தார். சுருள் முழுசாக இல்லாவிட்டால் சுடுவது குற்றம். பிறகு என் பக்கம் திரும்பித் தலையை ஒரே ஒருமுறை ஆட்டினார்.

ஆட்டைத் தொடர்ந்து மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தோம். நம் கூடாரம் நேர் கீழே இருந்தது. அது எனக்குத் தெரியாது. நான் மேலே இருப்பது உமக்கும் தெரியாது. இதை மட்டும் உமக்குச் சாதகமாக நீதிமன்றம் குறித்துக்கொள்ளட்டும்.

துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்தேன். காற்று நின்றது. கனடா நின்றது. மொன்றியல் சுவரில் என் ஆணி மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. விசையின் மேல் விரலை வளைத்தேன்.

புஸ்ஸ்ஸ்ஸ் என்று முதல் விசில்.

கடா தலையைத் தூக்கியது. அது மலையிலே பிறந்து இடியைக் கேட்டிருக்கும், பனிச்சரிவைக் கேட்டிருக்கும், கரடியைக் கேட்டிருக்கும். கீழ் வீட்டில் சோறு வேகிற சத்தத்தை அதன் பரம்பரையிலேயே யாரும் கேட்டதில்லை. இரண்டாவது விசிலில் திரும்பியது. மூன்றாவது விசில் எதிர்மலையில் மோதி, வான்கூவர் வரை போய், திரும்பி வந்து என் காதில் அறைந்தபோது, நான் குறிபார்த்த இடத்தில் வெறும் ஆகாயம்தான் இருந்தது. மூன்று விசில் வந்ததும் அடுப்பை நிறுத்தினீர், சமையலறையில் மதினி நிறுத்துவதைப்போல. ஒன்றோடு நிறுத்தக்கூடாதா, ஐயா?

ராய் தொப்பியைக் கழற்றினார். அவர் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது.

நான் பனிப்பாளம் சரிவதுபோல் இறங்கி வந்தேன். நீர் நிமிர்ந்து பார்த்து, முகம் மலர்ந்து, "வந்துட்டீரா? சரியான நேரம்வே. ஆவி அடங்கட்டும்" என்றீர்.

அடங்க விடவில்லை நான். குக்கரைப் பள்ளத்தில் எறியப் பாய்ந்தேன். ராய் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் பனி விழ ஆரம்பித்தது. செப்டம்பரில் பனி! அரை மணியில் மலை காணாமல் போயிற்று. மூன்று பேரும் ஒரு கூடாரத்தில், முழங்காலோடு முழங்கால் முட்டிக்கொண்டு. அதில் இருவர் ஒருவரைக் கொல்லக் காத்திருந்தார்கள். கம்பளிச் சட்டை இல்லாத அந்த ஒருவர் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டே குக்கரைத் திறந்தார்.

ராய் தட்டை வாங்க மறுத்துவிட்டார். "வேகும்போது கத்துகிற சாப்பாட்டை நான் தொடுவதில்லை" என்றார். பீன்ஸ் டப்பாவோடு மூலைக்குத் திரும்பிக்கொண்டார். நீரும் சாப்பிடவில்லை. சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அந்த வருடம், சோற்றைத் தொடுவதில்லை என்று மதினி உம்மிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ரஸ்க்கைக் கடித்துக்கொண்டிருந்தீர். ஆக, அந்தச் சோற்றை உலகத்தில் நான் ஒருவன்தான் சாப்பிட்டேன். எதிரியின் கையால் எப்படிச் சாப்பிட வேண்டுமோ அப்படிச் சாப்பிட்டேன். தலையைத் தூக்கவில்லை. வாயைத் திறந்தது வாங்க மட்டும்.

"எப்படிவே இருக்கு?" என்றீர்.

நான் தட்டை மட்டும் நீட்டினேன்.

அதற்குப் பிறகு நீர் செய்ததை எந்தக் கடவுளும் மன்னிக்கமாட்டார். ஆணி வெறுமையாக இருப்பதை ஊருக்கே காட்டினீர். ஒவ்வொரு பொங்கலுக்கும் மண்டபத்தின் நடுவில் நின்று, வாயாலேயே மூன்று விசிலும் அடித்து, "ஆடு அந்தப் பக்கம் ஓடுச்சு, நம்மாளு இந்தப் பக்கம் ஓடுனாரு, எது முந்துச்சுன்னு எனக்குத் தெரியல" என்று சாட்சி சொன்னீர். நம் பிள்ளைகள் எனக்குக் குக்கர் மாமா என்று பெயர் வைத்தார்கள். பதிலுக்கு நான் வருடா வருடம் கடாவை வளர்த்தேன். நீர் வருடா வருடம் அதைச் சுருக்கினீர். ஒரு குளிர்காலம் முழுவதும் மாடிப்படியில் எதிரே வந்தாலும் பேசாமல் போனோம்.

ஆனால் எப்போது பேசினாலும், கூட்டம் கலைந்த பிறகு, கோட்டு மாட்டும் இடத்தில் என்னைத் தனியாக மடக்கிக் கேட்பீர்: "அதெல்லாம் கெடக்கட்டும்வே. சோறு எப்படி இருந்துச்சு? அத மட்டும் சொல்லும்."

"கல்லு," என்றேன் ஒரு வருடம்.

"கொழஞ்சு போச்சு," என்றேன் அடுத்த வருடம்.

"ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாதேவே!"

"உம்ம கைப்பக்குவத்துல முடியும்."

கடைசியாகப் போன குளிர்காலம். உம் தெரு டெப்பனருக்கு, அந்த மூலைக்கடைக்கு, வெளியே என் வண்டிச் சக்கரம் பனியில் புதைந்து சுழன்றது. பால் வாங்க வந்த நீர் பையை வைத்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினீர். வண்டி வெளியே வந்ததும் சன்னலில் குனிந்தீர். மூச்சு வாங்கியது. மறுபடி அதே கேள்வி.

"வேகல," என்றேன்.

சிரித்துக்கொண்டே உள்ளே போனீர். அதன் பிறகு உம்மை நான் பார்க்கவில்லை. பதிலை நான் சுவாரசியத்துக்காகப் பிடித்து வைத்திருந்தேன் ஐயா. கேட்கிறவர் எழுந்து போய்விடுவார் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

இன்று காலை குக்கருக்குப் புது ரப்பர் வளையம் போட்டேன். ஒரு பிடி அரிசி வைத்தேன். விசில் அதே குரல். பக்கத்து வீட்டு நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருக்கிறது. இனி எங்கே வெளியூர் போனாலும் இந்தப் பள்ளம் விழுந்த சனியன் என் மூட்டையில் வரும். எந்த ராய் தராசைத் தூக்கினாலும் சரி, பல்துலக்கியை முழுசாக எறிந்துவிட்டு இதை வைத்துக்கொள்வேன். இது நட்புக்காக இல்லை. சாட்சிப் பொருள் தொலைந்துவிடக்கூடாது என்பதற்காக.

கடா பேருந்து அளவு இல்லை. மலை மேகத்துக்கு ஏழு மைல் மேலே இல்லை. விசில் வரவில்லை என்றால் சுட்டிருப்பேனா என்பதும் அவ்வளவு நிச்சயமில்லை. எல்லாவற்றையும் தள்ளும். ஒரே ஒரு சின்னச் சங்கதி மட்டும் உண்மை, அதையும் உமக்காகச் சொல்லவில்லை, கணக்கைத் தீர்ப்பதற்காகச் சொல்கிறேன். அந்தச் சோறு, அந்தப் பனியில், பூவாக வெந்திருந்தது. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினேனே, அப்போதே தெரிந்துகொண்டிருக்கக்கூடாதா, வே?