கையில் சுற்றிய நரம்பு

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. நான் உன் வீட்டுப் பக்கம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. படகில் ஓயாத வேலை என்று போனில் சொன்னதெல்லாம் வெறும் சாக்கு.

இன்று காலை என் படகை வாடகைக்கு எடுத்து நாலு பேர் மீன் பிடிக்க வந்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு மயில் மீன் மாட்டியது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி அதைப் பக்கத்தில் இழுத்ததும், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் குனிந்து தூண்டில் நரம்பைப் பிடித்தார். வழுக்கியதால் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார். அந்தக் கையில் அத்தானின் கையுறை. மிச்சமிருந்த அந்த ஒற்றையைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்.

சுக்கானை விட்டு ஓடி, நரம்பை அறுத்துவிட்டேன். மீன் போய்விட்டது.

“எவ்ளோ பெரிய மீனு! கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?” என்று மீன் பிடிக்க வந்தவர்களில் ஒருவர் கத்தினார்.

அன்று இதே மாதிரி நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்ற அத்தானிடம் நானும் அப்படித்தான் கத்தினேன். “விட்டுடாதீங்க அத்தான், இன்னும் கொஞ்சம்தான்!”

அத்தானை மீன் இழுத்துக்கொண்டு போன பிறகு நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். “கத்தி உன் இடுப்புலயே இருக்குமேடா, அறுக்க நேரமில்லையா?”

“கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிட்டாருக்கா” என்றேன்.

இன்று கண்ணை மூடித் திறப்பதற்குள் அறுத்தேன், அக்கா. அன்று மீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் முகத்தில் விழிக்க முடியாத
தம்பி