நாலு மணி நேரத் தொலைவு

செங்கம்மா,

மழையில் சாமையெல்லாம் சாய்ந்து, ஊர்த் திருவிழாவும் நின்றுபோன வருசம் நினைவிருக்கா? பிரசவ வலியில் துடித்த உன்னைத் தூளி கட்டி, வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நாலு பேர் சுமந்தோம். நூற்றுப் பதினோரு தடவை தோள் மாற்றினோம்.

உன் கண் இப்போது எப்படி இருக்கிறது? நான் சுகம். போன வாரம் பேரீச்சந்தோப்பு வெயிலில் லேசாக மயங்கினேன். மோர் குடித்ததும் சரியாகிவிட்டது. மயக்கத்தில் நான் தூளியில் ஆடிக்கொண்டு, மேகத்துக்குள் நம் மலையிலிருந்து இறங்குவது போலிருந்தது.

இதை எழுதித்தரும் சமையல்காரர் கலியனிடம், "துபாய்லேர்ந்து மெட்ராசுக்கு எத்தினி தோள் மாத்தணும்?" என்றேன்.

"ஏரோப்ளேன் இன்னா தூளியா பெரியவரே? நாலு மணி நேரம், உக்காந்துகினே போவலாம்" என்று சிரித்தார்.

அவ்வளவு கிட்டத்தில்தான் இருக்கிறேன். ஆனால் அறுவடை முடியாமல் முதலாளி விடமாட்டார். நான் வந்தால்தான் ஆபரேசனுக்கு மலை இறங்குவேன் என்று அடம் பிடிக்காதே. அன்று பிறந்த பவானியோடு பஸ்ஸில் போ. யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு படி சாமை அரிசி கொடுத்தனுப்பு. இங்கே சோறு இறங்கவில்லை.

தூளி தூக்கியவர்களில் சடையன் போய்விட்டான், வெள்ளையன் போய்விட்டான், உன் அண்ணனும் போய்விட்டார். நீ கண் தெளிந்து பார்க்க மிச்சமிருப்பவன்,

மாதன்