ஜிந்துப்பிட்டிச் சந்தியில் கேட்ட மொழி

அன்பு குறையாத மச்சான் சவிரியானுக்கு,

உம்முடைய நினைவு நாளுக்குப் பத்திரிகையில் போட இதை எழுதுகிறேன். ஒழுங்கில்லாமல் எழுத எனக்கு வராது என்பது உமக்குத் தெரியும். ஆகவே முதலில் பட்டியல்.

1. ஒல்லாந்து மொழியின், அதாவது டச்சு மொழியின், உறவு பற்றி நீர் சொன்னதே சரி.
2. அன்று சந்தியில் அந்த மாலுமி பேசியது என்ன மொழி என்று எனக்குத் தெரியவில்லை.
3. உம்முடைய தங்கை சுகம்.

முதலாவது. முப்பது வருடம் ஒரே மேசையில் இருந்து ஒல்லாந்தர் காலத்துக் காணி உறுதிப் பத்திரங்களை மொழிபெயர்த்தோம். அது ஜெர்மனின் தம்பி என்பேன் நான். ஜெர்மனுக்கும் இங்கிலீஷுக்கும் நடுவில் குடியிருந்து இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிற மொழி என்பீர் நீர். "தண்ணியைப் பாரும். ஜெர்மன்காரனுக்கு வாசர். ஒல்லாந்தனுக்கு வாட்டர், எங்கட இங்கிலீஷ் துரைக்கு வோட்டர். இன்னும் என்ன சாட்சி வேணும் உமக்கு?" செத்தவர்களின் கையெழுத்தில் படித்த மொழி அது. யாரும் பேசி நாம் கேட்டதில்லை.

இரண்டாவது. ஜெர்மனியின் கூட்டாளி ஜப்பான் கொழும்பில் குண்டு போட்ட கிழமை. கண்ட வெள்ளைக்காரனெல்லாம் ஒற்றன். கந்தோர் வேலை முடிந்து நாம் வந்தபோது சந்தியில் கூட்டம். நடுவில் ஒரு மாலுமி மண்டியிட்டிருந்தான். மூக்கு நசுங்கி, சட்டை முழுக்க இரத்தம். "ஜெர்மன் நாயே!" என்று ஒருவன் வண்டிச் சட்டத்தால் முதுகில் அடித்தான். சோடாப் போத்தலொன்று அவன் நெற்றியில் உடைந்தது. எலும்பு முறிகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

நீர் குடையை எறிந்துவிட்டுப் பாய்ந்தீர். அவன்மேல் கவிழ்ந்து கத்தினீர். "விடுங்கடா! இவன் ஒல்லாந்தன்! சண்டையில எங்கட பக்கத்து ஆள்!"

"உனக்கெப்படித் தெரியும் கிழவா? உன்ர மருமகனோ?"

"என்ர மச்சானைக் கேளுங்கடா! அவருக்கும் அந்தப் பாஷை தெரியும்!"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஓங்கிய சட்டம் அப்படியே நின்றது. "சொல்லுங்க ஐயா, இவன் ஜெர்மனோ, ஒல்லாந்தோ?"

"நிச்சயமாகச் சொல்ல ஏலாது" என்றேன்.

சட்டம் உம்முடைய தலையில் இறங்கியது. பிறகும் இறங்கியது. எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. பொலிஸ் விசிலுக்குக் கூட்டம் சிதறியபோது உம்முடைய காதிலிருந்து இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மாலுமி உம்மை மடியில் போட்டு அழுதான். அவன் பிழைத்துவிட்டான்.

மூன்றாவது. உம்முடைய தங்கை திரேசாவுக்கு மூச்சு முட்டுகிற இழுப்பு மட்டும் உண்டு. போர் முடிந்துவிட்டது. அந்தச் சந்தியைக் கடக்க அவளால் முடியாததால் வெள்ளவத்தைக்கு வீடு மாறிவிட்டோம். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கித் துரைமார் இன்னும் பாட்டனின் பெயரைத் தேடிக் கந்தோருக்கு வருகிறார்கள், பாட்டனின் மொழியில் ஒரு வரி வாசிக்கத் தெரியாமல். நீர் இருந்தால் சிரித்திருப்பீர்.

ஒவ்வொரு நினைவு நாளும் திரேசா ஒன்றைத்தான் கேட்கிறாள். "இஞ்ச பாருங்கோ, உண்மையா உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"பேசக் கேட்டுப் பழக்கமில்லையே" என்பேன். அவள் நம்புகிறாள். நம்பி, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள். அதை எப்படிக் குடிக்கிறேன் என்று கேளும்.

எழுதியதை இப்போது திரும்ப வாசித்தேன். இதை அச்சுக்குக் கொடுக்குமுன், இன்று பின்னேரம், அவள் முன்னால் இருந்து கடைசி வரிவரை வாசித்துக் காட்டுவேன். இது உமக்குத் தரும் வாக்கு.

பட்டியலில் இரண்டாவதாக எழுதியது பிழை, மச்சான். நீர் பாய்வதற்கு முன்பே அவன் உடைந்த வாயால் தண்ணீர் கேட்டான். வாசர் இல்லை, வாட்டர் என்றான். எனக்கு விளங்கியது. அடுத்த அடி எனக்கு விழும் என்றுதான் பயந்தேன்.

உம்முடைய தங்கையின் புருஷன்,
அந்தோனி