மேல்மாடத்து விசில்

1963 நவம்பர் 12, செவ்வாய்

நீவெஸுக்கு இரண்டு முட்டையைச் சர்க்கரை போட்டு அடித்துக் கொடுத்தேன். பாதிதான் குடித்தாள். ஒன்பது மணிக்குப் பாட ஆரம்பித்தாள். தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன். என் பேத்தி! ட்ரியெஸ்தேயில் பாடினாள், ஜெனோவாவில் பாடினாள். சொந்த ஊர் பார்மாவுக்கு இப்போதுதான் அவள் ஞாபகம் வந்திருக்கிறது. டிசம்பர் 26, சீசனின் முதல் ஓப்பரா, கதாநாயகி வேஷம்.

கீழே எட்டிப் பார்த்தால் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சலூன்கார ஒட்டோரினோ. என் ஜன்னலையே பார்க்கிறான். இவனுக்கு இங்கே என்ன வேலை?

நவம்பர் 13

இன்றும் நின்றான். ஜன்னல் கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 15, வெள்ளி

மறக்க முடியுமா? 1931. என் வீட்டுக்காரர் ஜீனோ பதினோரு வருஷம் ஓப்பராவில் பின்பாட்டுக் கோரஸில் நின்றவர். அந்த வருஷம்தான் தனியாக ஒரு பாட்டு கொடுத்தார்கள். நான் தியேட்டர் கூரைக்கு அடியில், மலிவு டிக்கெட் மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிகிற நேரத்தில் விசில். ஓப்பராவில் விசில் பாராட்டு இல்லை, இறங்கிப் போ என்று அர்த்தம். முதல் விசில் ஒட்டோரினோவுடையது. இந்தக் கண்ணால் பார்த்தேன், வாயில் இரண்டு விரல். பிறகு மேல்மாடமே சேர்ந்துகொண்டது. ஜீனோ அப்படியே உள்ளே போய்விட்டார். அதன் பிறகு சாகும்வரை சட்டை மாட்டும்போதுகூட ஒரு முணுமுணுப்பு இல்லை. நான் பேச்செடுத்தால், "விடு, தெல்மீனா." அவ்வளவுதான்.

இந்த ஊரில் கீழே பட்டு உடுத்தி உட்காருகிறவர்கள் சும்மா. மேல்மாடம்தான் நீதிபதி. அங்கே விசில் வாங்கிய பாடகியை அடுத்த வருஷம் எந்த ஊரும் கூப்பிடாது.

நவம்பர் 20

மாடி வீட்டு செசீரா நீவெஸுக்கு ஒரு சால்வை கொண்டுவந்தாள். ஊதா! மேடை ஏறுகிறவர்களுக்கு ஊதா அபசகுனம், பாடுகிற பெண்ணுக்கு அதைக் கொடுப்பார்களா? "அழகா இருக்கேன்னு வாங்கினேன், தெல்மீனா, சத்தியமா" என்றாள். இருக்கலாம். அவள் படி ஏறும்வரை பொறுத்திருந்து அடுப்பில் போட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

மத்தியானம் நீவெஸ் வெளியே போனாள். தையல்காரியிடமாம். சனிக்கிழமைதானே உடுப்பு சரிபார்த்தார்கள்?

டிசம்பர் 2, திங்கள்

பின்னாலேயே போனேன். திங்கட்கிழமை சலூன்களுக்கு லீவு. ஆனால் ஒட்டோரினோ கடையின் இரும்புக் கதவு முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. நீவெஸ் குனிந்து உள்ளே போனாள். என் பேத்தி, அந்தக் கதவுக்கு அடியில் குனிந்து! கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது. கடைசிப் பாட்டு. நடுவில் அவன் குரல்: "மறுபடி." திரும்பப் பாடினாள். "இல்ல. மறுபடி."

ராத்திரி சூப் ஊற்றும்போது கேட்டேன், "தையல்காரி என்ன சொன்னா?"

"இடுப்புல கொஞ்சம் பிடிக்கணுமாம், பாட்டி."

முகத்தைப் பார்த்தே பொய்.

அஞ்சாம் கிளாஸ் படித்தவளுக்கும் இது புரியும். விசிலடிக்காதே என்று இவள் அவனைக் கெஞ்சப் போகிறாள். அவன் எங்கே அடித்தால் விழுவாள் என்று பார்த்து வைத்துக்கொள்கிறான். வேறு என்ன இருக்க முடியும்?

டிசம்பர் 3

பொறுக்க முடியவில்லை. கடைக்கே போனேன். முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இருக்கட்டும் என்று அவர் முன்னாலேயே சொன்னேன், "என் பேத்தி பாடறப்ப அந்த விரல் வாய்க்குப் போச்சுன்னா ஒடிச்சுடுவேன், ஒட்டோரினோ."

கத்தியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறான்: "முதல்ல உங்க கையைப் பாத்துக்குங்க, தெல்மீனா."

என் கைக்கு என்ன? மிரட்டுகிறானா?

டிசம்பர் 21, சனி

கிறிஸ்துமஸ் சூப்புக்கு அனோலினி மடிக்க எட்டுப் பெண்கள் வந்தார்கள். மாவும் பாலாடைக்கட்டியுமாக மேஜை நிறைந்திருந்தது. எல்லாருக்கும் மேல்மாடத்து டிக்கெட் கொடுத்தேன்.

"எங்களுக்கு ஓப்பரா பத்தி என்ன தெரியும்?" என்றாள் செசீரா. "எப்ப கை தட்டறது?"

"நான் தட்டறப்ப தட்டு. அவன் வாயில விரல் போறதுக்குள்ள தட்டிடணும்."

"நான் தூங்கிட்டா?"

"இடிப்பேன்."

"எலும்பு உடையாம இடி."

நீவெஸுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

டிசம்பர் 27, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. 

முதல் மூன்று அங்கமும் நன்றாகவே போனது. மேல்மாடம் கல் மாதிரி உட்கார்ந்து கேட்டது. கடைசிப் பாட்டு. அவள் குரல் மெலிந்து மெலிந்து நூலாகி நின்றது. நான் ஒட்டோரினோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கை முகத்துக்குப் போனது. தட்டினேன். எட்டுப் பேரும் தட்டினார்கள்.

பாட்டு முடியவில்லை. மூச்சு வாங்கத்தான் நிறுத்தியிருக்கிறாள். இன்னும் ஒரு வரி பாக்கி. அவன் கை போனது மூக்குக் கண்ணாடியைக் கழற்ற. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நாலு பக்கமும் விசில். கீழே நீவெஸ் வாய் திறந்தபடி நிற்கிறாள். அதே முகம், ஜீனோவின் முகம். ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்—

ஒட்டோரினோ எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "உனக்கில்ல பொண்ணே! இங்க வாடகைக்கு வந்த கைங்களுக்கு! நீ பாடு! அந்த வரியைத் திரும்ப எடு!"

வாத்தியக்காரர்களின் தலைவர் அண்ணாந்து பார்த்தார். கோலைத் தூக்கினார். அவள் பாடினாள். ஒருவர்கூட இருமவில்லை. கடைசி சுரம் இறங்கும்வரை யாரும் தட்டவில்லை. அப்புறம் கூரை இடிந்தது போலக் கைதட்டல்.

நான் தட்டவில்லை. கை மடியை விட்டு எழவே இல்லை.

டிசம்பர் 28

"நான்தான் அவரைத் தேடிப் போனேன், பாட்டி. மேல்மாடத்துக் காது அவருக்குத்தான் இருக்கு. உங்ககிட்ட சொன்னா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன்.

யார் தட்டியது என்று அவள் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். கேட்காமலிருப்பதுதான் சுடுகிறது.

டிசம்பர் 30, திங்கள்

அந்தச் சலூன் கதவுக்கு அடியில் நானும் குனிந்து போனேன். முப்பத்திரண்டு வருஷம் வைத்திருந்த கேள்வி.

"ஜீனோவுக்கு ஏன் விசிலடிச்சே?"

"ஜீனோவுக்கு அடிக்கல. அவன் நல்லாத்தான் பாடினான். கடைசி சுரம் இறங்கல, அதுக்குள்ள பச்சைத் தொப்பி போட்ட ஒரு பொம்பளை எழுந்து நின்னு தட்டினா."

பச்சைத் தொப்பி. அதை ஜீனோதான் எனக்கு வாங்கிக் கொடுத்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"மறுநாள் சவரத்துக்கு வந்தான், சொன்னேன். 'அவகிட்ட சொல்லிடாதே'ன்னான். நானும் சொல்லல." நாற்காலியைத் துடைத்துக்கொண்டே, "இப்ப நீங்களா கேட்டீங்க" என்றார்.

விடு, தெல்மீனா. விடு, தெல்மீனா. எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

1964 ஜனவரி 1

அனோலினி மிச்சம் இருந்தது. ஒரு பாத்திரம் சலூனுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஜனவரி 4, சனி

மூன்றாவது காட்சி. நீவெஸே எனக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். மேல்மாடம், ஒட்டோரினோவுக்குப் பக்கத்து இடம். கடைசிப் பாட்டு தொடங்கும்போது அவர் தன் தொப்பியைக் கழற்றி என் இரண்டு கையிலும் வைத்தார். "பிடிச்சுக்குங்க. நான் கேக்கறப்ப குடுத்தா போதும்."

இறுகப் பிடித்துக்கொண்டேன். நூலாகி நின்றாள், மூச்சு வாங்கினாள், அந்த வரியைப் பாடினாள். அது எங்கே போய் முடிகிறது என்று இன்றுதான் கேட்டேன்.

அவர் தொப்பியை வாங்கிக்கொண்டார்.

அப்புறம் தட்டினேன்.