வரைபடத்தில் இல்லாத ஊற்று

அன்பு மகன் ரோட்ரிக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. அப்பாவின் பழைய நெஞ்சுவலியைத் தவிர நானும் அவரும் உடம்பளவில் சுகம், கனடாக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த வருஷம் ஆடுகள் நன்றாக ஈன்றன, தாயில்லாக் குட்டிகள் இரண்டு அடுப்படியில் என் காலைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நல்ல சேதி இத்தோடு தீர்ந்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், கடைசி ஆடு ஈனும்வரை தபால் எதையும் பிரிப்பதில்லை, எல்லாம் கடிகாரத்துக்குப் பின்னால் போய்விடும். மார்ச் கடைசியில் தபால்காரர் உன் பெயருக்கு வந்த பெரிய உறையைக் கொடுத்துக் கையெழுத்து கேட்டார், தொழுவத்திலிருந்து ஓடிவந்த ஈரக்கையோடு போட்டுக் கொடுத்தேன். போன வாரம்தான் பிரித்தோம். கைப்பேசிக் கம்பெனியின் சட்ட அறிவிப்பு. மேல் வயலில் கோபுரம் வைக்கவும் அதற்குப் பாதையும் கம்பிக்குப் பள்ளமும் போடவும் உரிமை வேண்டுமாம், இருபத்தெட்டு நாளுக்குள் சம்மதிக்காவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போய் வாங்கிக்கொள்வார்களாம். பிரித்தது முப்பத்தொன்றாவது நாள்.

கோபுரம் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும் ரோட்ரி. கூட வந்த வரைபடத்தில் பள்ளம் தோண்டும் கோடு நேராக நம் ஊற்றின் தலைமேல் போகிறது. ஊற்று எந்த வரைபடத்திலும் கிடையாது, அது உடைந்தால் வீட்டுக்கும் இருநூறு ஆட்டுக்கும் தண்ணீருக்கு எங்கே போவது? இடத்தைக் குறித்து அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். "நான் ஏன்டி சொல்லணும்? சொன்னா வாங்கன்னு கூப்பிட்ட மாதிரி ஆயிடும். வரட்டும், என்னைத் தாண்டிப் போகட்டும்" என்கிறார். இந்த நெஞ்சுவலியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து கேட்டிலேயே நிற்கிறார். நேற்று முன்தினம் கம்பெனியின் மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் வண்டியை நிறுத்தி வயலைப் பார்த்தார்கள், அப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது.

பிரெகன் டவுன் வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். "நிலம் உங்க பையன் பேருக்கு மாத்தியாச்சு, அவர் எழுதுறதுதான் செல்லும். கெடு தாண்டினாலும் தீர்ப்பு வர்றதுக்குள்ள எழுதினா கோட்டை மாத்தச் சொல்லலாம். ஊத்து இருக்கிற இடத்தைச் சொல்றது சம்மதம் ஆகாதும்மா, சொல்லாம விட்டாத்தான் ஆபத்து" என்றார். நேற்று அப்பா ஆட்டுச்சந்தைக்குப் போனதும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேல் வயலுக்குப் போனேன். கோரைக்குள் குத்திக் குத்திப் பார்த்ததில் ஊற்றின் மூடுகல் தட்டுப்பட்டது, கீழே தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்டது, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வீட்டுத் தொலைபேசி அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் கடிதம். கிடைத்த அன்றைக்கே உன் பெயரில் எழுதி, படத்தையும் சேர்த்து வக்கீலம்மாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடு, நாளைக்கு என்று தள்ளாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். அப்பா கேட்டால், சின்ன வயதில் அவரோடு குழாய் பதித்த இடம் உனக்கே ஞாபகம் இருந்தது என்று சொல். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் அவருக்குத் தெரியாமல் நான் செய்த காரியம் இது ஒன்றுதான், இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் அம்மா,
மெய்னிர்