ஆணியில் தொங்கும் கோட்டு

மச்சான்,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி எழுதுகிறேன், கழுத்தைச் சொறிகிறேன். திரும்பி வந்து பார்த்தால் அடுத்த எழுத்து மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பகலில் குழந்தைகள் தூங்குகிற பிள்ளைக் காம்பராவில்தான் சாயங்காலம் எங்களுக்கு எழுத்து வகுப்பு. சின்ன நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து எழுதுகிறேன். ஒவ்வொரு எழுத்தும் இனிக்கிறது, போ.

ஜன்னலுக்கு எதிரே, நம் வாசல் கம்பியில் உன் நீலக் கோட்டு காய்கிறது. காலையில் நான்தான் துவைத்தேன். அதிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்ததும் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றிவிட்டது.

நம் லயத்து வரிசை வீடுகளில் உன் அறைக்கும் என் அறைக்கும் நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடாது. நீ அந்தப் பக்கம் பேப்பரைச் சத்தமாக வாசிப்பாய். வாசிக்கத் தெரியாத நான் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு ஊர் உலகத்துச் செய்தியெல்லாம் கேட்பேன். அந்தச் சுவரின் மேல்தான் உன் பூனையும் நடக்கும். இரண்டு வீட்டையும் மேலே நின்று மேற்பார்வை பார்த்ததால் அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தாய். "யாரையும் ஏசாத கங்காணி இது ஒண்ணுதான் மச்சான்" என்பாய்.

எனக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தபோது, தேயிலை கவ்வாத்து வெட்டுகிற இடத்தில் ஏதோ பூச்சி பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். நீ பார்த்துவிட்டு, "இது காணாக்கடி. என்னா கடிச்சிச்சுன்னு கண்ணுக்குத் தெரியாது. பூசாரிக்கிட்ட மந்திரிச்சா போயிடும்" என்றாய். கூட்டிக்கொண்டு போனாய். வேப்பிலை அடித்து, திருநீறு பூசி, மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு திரும்பினோம். உன் கம்பளியைக் கொண்டுவந்து என்னைச் சுற்றிப் போர்த்தினாய். "வெதுவெதுன்னு இருக்கும், போத்திக்க." உண்மையிலேயே வெதுவெதுப்பாக இருந்தது. கங்காணி அப்போதுதான் அதைவிட்டு எழுந்து போயிருந்தது.

காலையில் எனக்குக் கண் வீங்கித் திறக்கவில்லை. "பெரிய கடியா இருக்கே" என்று இன்னொரு கம்பளியும் கொண்டுவந்து போர்த்தினாய்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சிங்கள டொக்டர் மெதுவாகத் தமிழ் பேசினார். "வீட்டுல பூனை இருக்கா?"

"இல்லைங்க ஐயா" என்றேன். பொய் இல்லையே.

நீ பக்கத்தில் நெளிந்தாய். "எங்க வீட்டுல இருக்குதுங்க."

"ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"இல்லைங்க. நடுவுல ஒரு செவரு."

"செவரு கூரை வரைக்கும் இருக்கா?"

"அதுதானுங்க இல்ல."

டொக்டர் என் தோளிலிருந்து ஒரு வெள்ளை முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். என் தோல் சட்டென்று கோபப்படுகிற தோல், அதற்குப் பூனை ஆகாது என்றார். நான் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, துணி துவைக்கிற சவுக்காரம் போட்டுத் தேய்த்ததையும் ஏசினார். இளஞ்சூட்டில் குளித்து, ஈரம் காய்வதற்குள் களிம்பு பூசச் சொன்னார். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

பஸ்ஸில் நோர்வூட் டவுன் வரைக்கும் நீ என் தோளில் பூனைமுடி தேடிப் பொறுக்கிக்கொண்டே வந்தாய். அப்புறம் கேட்டாய். "பூனைய யாருக்காச்சும் குடுத்துடவா?"

"அது என்னா பண்ணும் பாவம். செவர அடைச்சிடுவோம்."

மறுநாளே தகரம் வாங்கி இடைவெளியை அடைத்தாய். பூனை வரவில்லை, உன் குரலும் வரவில்லை. ஆகையால் நீயே வந்தாய். மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் கைகால் முகம் கழுவி, பூனை படுக்கிற கோட்டை என் வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, மெல்லிய சட்டையோடு உள்ளே வந்து அடுப்போரம் உட்கார்ந்து வாசிப்பாய். பனி கொட்டுகிற மாதத்திலும் ஒரு நாள்கூட அந்தக் கோட்டோடு நீ என் படியைத் தாண்டியதில்லை. லயத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள். "என்னா அண்ணே, கோயிலுக்குப் போற மாதிரி கைகால் கழுவுறீங்க?"

"ஆமா தங்கச்சி. உள்ள சாமி சொறிஞ்சிக்கிட்டு இருக்கு."

அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் உனக்கு நெஞ்சு வலித்தது. சட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பவில்லை. கோட்டு என் ஆணியிலேயே நின்றுவிட்டது. உன் மகள் கொழும்புக்குப் போகும்போது அதைத் தொட்டுப் பார்த்து, "நீங்களே வச்சிக்கங்க மாமா" என்றாள். ராத்திரி உன் காலி அறையில் தூங்கிவிட்டு, பகலெல்லாம் கங்காணி அந்த ஆணிக்குக் கீழே வந்து படுத்துக்கொண்டது.

நான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பூனையைத் தூக்க ஆரம்பித்தேன். கோட்டில் உன் பீடி வாசம் இருந்தது. மூக்கைப் புதைத்துப் புதைத்துப் பார்த்ததில் கழுத்தெல்லாம் தடித்துப் போயிற்று. நேற்று என் மகனைக் கட்டிய மருமகள் பார்த்துவிட்டாள்.

"மாமா, பூனைய நோர்வூட் பாய் கடைக்குக் குடுத்துடுவோம். எலிக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

நான் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி, பூனை இருக்கணும்னா கோட்டத் தொவைங்க. வாராவாரம். முடி பூரா அதுலதான் இருக்கு."

அவள் சொன்னது சரிதான். ஆனால் துவைத்தால் நீ போய்விடுவாய் என்று இருந்தது எனக்கு. ராத்திரி முழுக்க அதே நினைப்பு. விடிந்ததும் பீலிக்கு எடுத்துப் போனேன். கடைசியாக ஒரு முறை நன்றாக முகர்ந்தேன், இந்தச் சொறி அதற்குத்தான். பிறகு சவுக்காரம் போட்டேன். கங்காணி தூரத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தது.

இப்போது கோட்டில் சவுக்கார வாசம்தான். ஆனால் கங்காணி சொட்டுகிற தண்ணீருக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அதையே அண்ணாந்து பார்க்கிறது. வாசம் இல்லாவிட்டாலும் அதற்குத் தெரிகிறது, மச்சான். பாய் போன் பண்ணியபோது மருமகள் சொன்னாள்: "இல்லைங்க பாய், பூனை குடுக்குறதில்ல. மாமா கோட்டத் தொவைச்சிட்டாரு." பாய்க்கு ஒன்றும் விளங்கியிருக்காது. நான் உள்ளே உட்கார்ந்து சிரித்தேன்.

நீ என்னிடம் வரக் கோட்டைக் கழற்றினாய். நான் உன் பூனையிடம் போக அதை மாட்டிக்கொள்கிறேன். திரும்பும்போது அதே ஆணி, அதே பீலித் தண்ணீர். பிறகு அடுப்போரம் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, தகரத்துக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி பேப்பர் வாசிக்கிறேன்.

கோட்டு காயும்வரை பூனையைத் தூக்க முடியாது, கை சும்மாதான் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் துவைத்துப் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்காருவேன். வெயில் வராவிட்டால் கடிதம் நீளமாக இருக்கும்.